வாசகர் கேமரா: மங்கலுக்கும் வேலை கொடுங்கள்

போன இதழில் காலை வெளிச்சம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபோகஸ் பற்றிக் கேட்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம். சேலத்திலும் ஏற்காட்டிலும் நான் அன்றாடம் கேமராவோடு திரிகிற இடங்களை வைத்தே பதில் சொல்கிறேன். உங்கள் ஊரில் அதற்கு ஈடான இடம் எது என்று உங்களுக்கே தெரியும்.

அக்கா, பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் 50 எம்.எம். லென்ஸும் வாங்கியிருக்கிறேன். எதை எடுத்தாலும் எஃப் 1.8 வைத்துத்தான் எடுக்கிறேன். நண்பர்கள் ‘பிளர் சூப்பர்’ என்கிறார்கள். எங்கள் ஆசிரியர் மட்டும் ‘எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்கிறார். யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவர், ஆத்தூர்

உங்கள் ஆசிரியர் பக்கம்தான் நான், தம்பி. பிளர் அழகுதான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் படத்தில் முக்கால்வாசி இடத்தை அந்த மங்கல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு இடத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு வேலையும் தராமல் விடலாமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பின், அதாவது அப்பர்ச்சரின் அளவு. எண் சிறிதானால் திறப்பு பெரிது, தெளிவாக வரும் ஆழம் குறைவு. உங்கள் கேமராவில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 1 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், தெளிவாக வரும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர். அரை மீட்டருக்குக் கிட்டே போனால் 1 சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது. அதே 1 மீட்டரில் எஃப் 5.6 வைத்தால் 9 சென்டிமீட்டர் வரை வரும். அப்போதும் 10, 20 மீட்டர் தள்ளி இருப்பது மங்கலாகத்தான் இருக்கும். என்ன ஒன்று, அது என்னவென்று அடையாளம் தெரிகிற மங்கலாக இருக்கும்.

மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்ததும் ஏற்காட்டுத் தோட்டங்களில் காபி பூக்கும். கிளை முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணந்து, சில நாளில் கொட்டிவிடும். அந்தக் கிளையை எஃப் 1.8-இல் எடுத்தால் பச்சைக் குழம்பில் மிதக்கிற வெள்ளைப் பூ கிடைக்கும். உங்கள் ஆத்தூர் வீட்டுக் கொல்லையில் பூத்த மல்லிகை என்று சொன்னாலும் நம்பிவிடுவார்கள். எஃப் 5.6-இல் எடுத்துப் பாருங்கள். பின்னால் சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாகச் சாம்பல் கோடுகளாக வரும். அவற்றைச் சுற்றி ஏறுகிற மிளகுக் கொடி பச்சைத் தழும்பாகத் தெரியும். எதுவும் தெளிவாக இருக்காது. ஆனாலும் அந்தப் பக்கம் போய்வந்த யாரும் பார்த்தவுடன் ‘சேர்வராயன் மலைக் காபித் தோட்டம்’ என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைய உண்டு. எங்கள் அப்பாவின் ஸ்டுடியோ அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. அதனால் சின்ன வயதிலிருந்தே அந்த வேலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். பட்டறையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து, சிறு தீச்சுடரைக் காட்டிக் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைப்பார். அவர் கைக்கும் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. சுடர் தொடுகிற கண்ணியில் ஃபோகஸ் வைத்து எஃப் 4-இல் எடுத்தால், சிவந்துபோன அந்த ஒற்றைக் கண்ணி தெளிவாக நிற்கும். அதற்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு குனிந்த முகம் மங்கலாகத் தெரியும். அது வேலையைப் பற்றிய படம். இருந்த இடத்திலிருந்து அசையாமல் ஃபோகஸை அவர் கண்ணுக்கு மாற்றுங்கள். இப்போது சுடர் முன்னால் நீலப் புகையாகக் கரைந்திருக்கும். இது மனிதரைப் பற்றிய படம். எது வேண்டும் என்று ஷட்டரை அழுத்தும் முன்பே நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் அந்த முடிவைக் கேமராவிடம் விட்டுவிடுகிறார்கள். கேமராவோ எது கிட்டே இருக்கிறதோ அதைப் பிடிக்கும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரே இடத்தில் நின்று எஃப் 1.8, 4, 8 என்று மூன்று படம் எடுங்கள். திரையில் தெளிவாக இருக்கும் பகுதியைக் கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மீதி இருக்கிற மங்கலைப் பார்த்து இது எந்த இடம், என்ன நேரம் என்று சொல்ல முடிகிறதா? முடிகிற படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் மொபைல் மட்டும்தான் இருக்கிறது. சாப்பாட்டுப் படம் எடுக்கப் பிடிக்கும். கிட்டே கொண்டுபோனால் மங்கிவிடுகிறது. போர்ட்ரெய்ட் மோடு போட்டால் டம்ளர் ஓரமெல்லாம் கடித்த மாதிரி வருகிறது.
— ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வாசகி, அம்மாபேட்டை

மொபைல் லென்ஸின் உண்மையான ஃபோக்கல் நீளம் (50 எம்.எம். லென்ஸ் என்கிறோமே, அந்த அளவு) 5, 6 மில்லிமீட்டர்தான். படத்தைப் பதிவு செய்கிற சென்சாரும் சின்னது. அதனால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட எல்லாமே தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் மோடு என்பது எது முன்னால், எது பின்னால் என்று மொபைல் கணித்து, பின்னால் இருப்பதைக் கழுவிவிடுவது. எவர்சில்வர் டம்ளர், மல்லிகைச் சரம், சுருட்டை முடி இவற்றில் அந்தக் கணிப்பு தடுமாறும். சாப்பாட்டுக்கு அந்த மோடே வேண்டாம்.

பல மொபைல்களில் மெயின் கேமராவுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரமாவது வேண்டும். அதற்கும் கிட்டே போனால் என்ன செய்தாலும் ஃபோகஸ் பிடிக்காது. கொஞ்சம் பின்னால் வந்து 2 மடங்கு ஜூம் போட்டு எடுங்கள்.

சாயங்காலம் தட்டுவடை செட் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். தட்டை வண்டிப் பலகையில் வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் பலகையும் தெளிவு, தட்டும் தெளிவு. எங்கே பார்ப்பது என்றே தெரியாது. தட்டை இடது கையில் நெஞ்சு உயரத்துக்குத் தூக்குங்கள். மொபைலை ஒரு சாண் தூரத்தில், தட்டின் விளிம்பு உயரத்துக்கு இறக்குங்கள். பின்னால் 5 மீட்டர் தள்ளி இருக்கிற கடைத்தெரு வரட்டும். இப்போது இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பிதுங்குகிற பீட்ரூட் துருவலில் விரலை வைத்து ஓரிரு விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பல மொபைல்களில் சின்னப் பூட்டுக் குறி காட்டும். பொருள் கிட்டே, பின்னணி தூரத்தில்: இது இரண்டும் சேர்ந்தால் மொபைலிலும் நிஜ பிளர் வரும். வண்டி பல்பும் போகிற ஸ்கூட்டர் விளக்கும் பின்னால் மெத்தென்று கரைந்து, பசியெடுக்கிற நேரம் என்று சொல்லும்.

ஏற்காட்டில் மூடுபனி வந்தாலே என் கேமரா ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடுகிறது. என்ன செய்வது?
— நாமக்கல் வாசகர்

ஆட்டோஃபோகஸுக்கு ஒரு விளிம்பு வேண்டும். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோடு ஏதாவது இருந்தால்தான் அது பிடிக்கும். வெள்ளை வெளேரென்ற பனியில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் தேடி ஓடுகிறது. மரத்தண்டின் ஓரம், பாறை விளிம்பு, கம்பி வேலி என்று கறுப்பாக ஒன்றைக் கண்டுபிடித்து நடு ஃபோகஸ் புள்ளியை அதன் மேல் வையுங்கள். பிடித்ததும் லென்ஸில் இருக்கிற பித்தானை ‘மேனுவலு’க்குத் தள்ளிவிட்டு, பிறகு ஃபிரேமை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் திருப்புங்கள்.

எங்கே ஃபோகஸ் வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பனியே தூரத்தில் இருப்பதையெல்லாம் மங்கலாக்கித் தருகிறது, அப்பர்ச்சர் அதைச் செய்ய வேண்டியதில்லை. அதனால் எஃப் 8-இல் வைத்து, இருப்பதில் கிட்டத்து மரத்தில் ஃபோகஸ் வையுங்கள். ஈரப் பட்டையும் அதில் ஒட்டிய பாசியும் கூர்மையாக வர, அடுத்தடுத்த மரங்கள் ஒன்றைவிட ஒன்று வெளுத்துக்கொண்டே போகும். பகோடா பாயிண்டுக்குப் போகிற வழியில் விடிந்ததும் இது நன்றாக அமையும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே நாம் பனி என்று சொல்வது பல நாள் நம்மைக் கடந்துபோகிற மேகம். சில நிமிஷத்தில் அடர்த்தி மாறிவிடும். ஒரே இடத்தில் நின்று காத்திருந்தால் போதும், மரங்கள் தாமாக வந்து வந்து மறையும்.

அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் கீழே இருக்கிற வெக்கைக் காற்று பட்டால் கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே வைத்திருந்து, கேமரா வெதுவெதுப்பான பிறகு எடுங்கள்.

ஏற்காடு ஏரியில் தண்ணீரில் தெரிந்த மரத்தை எடுத்தேன். தண்ணீரின் மேலேயே ஃபோகஸ் வைத்தும் மரம் மங்கல். கேமராவில் கோளாறா?
— மேட்டூர் வாசகர்

கேமராவில் ஒரு குறையும் இல்லை. பிம்பம் தண்ணீரின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் மரத்திலிருந்து வரும் ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்பி உங்களிடம் வருகிறது. நீங்கள் தண்ணீரிலிருந்து 2 மீட்டர், மரம் அந்த இடத்திலிருந்து 30 மீட்டர் என்றால், கேமராவுக்கு அந்தப் பிம்பம் 32 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் 2 மீட்டரில் ஃபோகஸ் வைத்திருக்கிறீர்கள். தண்ணீரில் மிதக்கிற தூசும் இலையும் தெளிவாக வந்திருக்குமே, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இது தெரிந்துவிட்டால் விளையாட நிறைய இடம் கிடைக்கும். ஒரே நீர்ப்பரப்பில் இரண்டு படம் இருக்கிறது. மிதக்கும் பழுத்த இலையில் ஃபோகஸ் வைத்தால், இலைக்கு அடியில் மரமும் வானமும் வண்ணக் கலங்கலாக அசையும். மரத்தில் வைத்தால் இலை ஒரு மஞ்சள் பொட்டாகச் சுருங்கிவிடும். எனக்கு இலைதான் பிடிக்கும். மரத்தை நிமிர்ந்து பார்த்தே எடுத்துக்கொள்ளலாமே.

இரண்டும் தெளிவாக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கேமராவோடு வந்த கிட் லென்ஸை 18 எம்.எம்.-இல் வைத்து, எஃப் 8 கொடுத்து, 2 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள். 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏற்கிற அளவு தெளிவு வரும். மழை விட்டதும் ஐந்து ரோட்டில் தேங்கி நிற்கிற தண்ணீரில் ஈரடுக்கு மேம்பாலத்தை இப்படி எடுக்கலாம். குட்டையின் ஓரத்துச் சரளைக்கல்லும் வரும், தலைகீழாகப் பாலமும் வரும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் இதே கணக்குதான். கல்யாண வீட்டில் அலங்காரம் செய்துகொள்கிற பெண்ணைக் கண்ணாடிக்குள் எடுக்கும்போது, கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகளில் ஃபோகஸ் வைத்தால் பெண் மங்குவாள். பெண்ணின் கண்ணில் வைத்தால் பொட்டுகள் மங்கும். முதல் படம்தான் எனக்குப் பிடித்தது. கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற பழைய பொட்டுகள் அந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடும்.

மழைத்துளிக்குள் பூ தெரிகிற மாதிரி படங்கள் பார்க்கிறேன். என் படத்தில் துளி மட்டும் பளிச்சென்று வருகிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.
— பள்ளி ஆசிரியை, ராசிபுரம்

துளி ஒரு குட்டி லென்ஸ். பின்னால் இருக்கிற பொருளின் பிம்பத்தை அது தலைகீழாக உருவாக்குகிறது. அந்தப் பிம்பம் உருவாகிற இடம் துளிக்குள்ளே இல்லை. துளிக்கும் உங்கள் கேமராவுக்கும் நடுவில், துளியை ஒட்டி இருக்கிறது. நீங்கள் துளியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்ததால் பிம்பம் தப்பிவிட்டது.

செய்முறையைச் சொல்கிறேன். நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்காட்டில் காபிப் பழம் சிவந்து நிற்கும். மழைக்குப் பிறகு தோட்டத்துக் கம்பி வேலியில் துளிகள் வரிசையாகத் தொங்கும். வேலிக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் பழக்கொத்து இருக்கிற இடமாகப் பாருங்கள். மிகக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸோ, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் டியூபோ போட்டு, எஃப் 8 வைத்து, முதலில் துளியின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். இனி லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடவேண்டாம். உடம்பை மட்டும் ஒரு நூல் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். துளி விளிம்பு லேசாகக் குழையும், உள்ளே சிவப்புப் பழங்கள் ஒவ்வொன்றாகக் கூர்மையாகும். எங்கே நிறுத்துவது என்று உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். காற்று அடித்தால் காத்திருங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைந்தபடி தொடர்ச்சியாக எடுத்தால் அதில் ஏதாவது ஒன்று அமைந்துவிடும்.

சிலந்தி வலைக்கு வேறு முறை. வலை முழுதும் வேண்டும் என்றால் கேமராவின் முதுகு வலைக்கு இணையாக நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும். எனக்குச் சாய்வாக எடுப்பதுதான் இஷ்டம். ஒரே ஒரு இழை தெளிவாக, மற்ற இழைகள் இரண்டு பக்கமும் கரைந்து போக, வலை இன்னும் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். ஆனால் தயவுசெய்து வலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள், பூச்சியைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். விடிகாலையில் போனால் பனியே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கும்.

மூக்கனேரியில் பறவை எடுக்கும்போது முன்னால் இருக்கிற கோரைப் புல்லில் ஃபோகஸ் போய் உட்கார்ந்துகொள்கிறது.
— கன்னங்குறிச்சி வாசகர்

ஃபோகஸ் புள்ளிகள் எல்லாவற்றையும் கேமரா பொறுப்பில் விடாமல், ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பறவையின் கண்ணில் வையுங்கள். உட்கார்ந்திருக்கும் மடையானுக்கு அது போதும். நகர்கிற பறவைக்கு, அதைப் பின்தொடர்ந்து பிடிக்கிற தொடர் ஃபோகஸ் போடுங்கள். புல்லை ஒதுக்க நினைக்காதீர்கள். முன்னால் பச்சைத் திரையாக அது மங்கி நின்றால், நாம் ஒளிந்திருந்து பார்க்கிற உணர்வு தானாக வரும். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கம்பி வலைக்கு வெளியே, உங்களை அனுமதிக்கிற இடத்திலிருந்து எடுக்கும்போது அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வையுங்கள். விலங்கு வலையிலிருந்து தள்ளி நிற்கிற நேரம் பார்த்து எடுத்தால், வலை இருந்த சுவடே பெரும்பாலும் தெரியாது.

ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் ராத்திரி எடுத்த படத்தில் சேலத்து விளக்குகள் வட்டமாக வராமல் ஆறு, ஏழு மூலையோடு வருகின்றன. ஏன்?
— ஓமலூர் வாசகி

அப்பர்ச்சரைச் சுருக்கியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கிற தகடுகளின் வடிவம் அது. முழுக்கத் திறந்தால் வட்டமாகும். ஓரங்களில் மட்டும் கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். வட்டத்தின் அளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு மீட்டரில் இருக்கும் கைப்பிடிக் கம்பியில் ஃபோகஸ் வைத்தால் பெரிய வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 5 மீட்டர் தள்ளி நிற்கிற ஆளின் மேல் வைத்தால் அவை சிறிதாகி, தெருக்களின் வரிசையும் வளைவும் புலப்படும். நான் இரண்டாவதைச் சொல்வேன். கீழே இருப்பது ஓர் ஊர் என்று அதில்தான் தெரிகிறது.

எதிலுமே ஃபோகஸ் இல்லாத படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
— சங்ககிரி வாசகர்

அனுப்புங்கள். 1863-இல் தன் 48-வது வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு தொடங்கியவர் ஜூலியா மார்கரெட் கேமரான். கல்கத்தாவில் பிறந்தவர். லென்ஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் முகம் அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவார். மற்றவர்கள் இன்னும் தெளிவாக்க வேண்டும் என்று வற்புறுத்திய காலம் அது, விமர்சனமும் கடுமையாக வந்தது. இன்றைக்கும் அந்த முகங்களின் முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கடைசிக் காலத்தில் கணவரின் காபித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போய், 1879-இல் அங்கேயே காலமானார். இதற்கு நேர் எதிர்த் தரப்பும் உண்டு. 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் உள்ளிட்ட புகைப்படக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மிகச் சிறிய அப்பர்ச்சரான எஃப் 64-இன் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். முன்னாலிருந்து பின்னால்வரை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். இரண்டு பக்கமும் தெரிந்தே செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அனுப்பும் முன் ஒன்றைப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். நினைத்ததை விட்டுவிட்டு வேறொன்று தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. வேண்டுமென்றே விட்ட ஃபோகஸ் என்றால் உருவம் மிஞ்ச வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் போய், விளக்கு அலங்காரத்துக்கு எதிரில் தலையில் குடத்தோடு நிற்கிற பெண்ணைப் பாருங்கள். வளையத்தைக் கிட்டத் தூரத்துக்குத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முகம் போய்விடும், நகை போய்விடும், சேலைப் பூவும் போய்விடும். குடமும் அதைத் தாங்கிய கையின் வளைவும் மட்டும் நிற்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் திருப்பினால் அவளும் ஒரு வண்ணத் திட்டாகிவிடுவாள். மொபைலில் ‘ப்ரோ’ மோடில் மேனுவல் ஃபோகஸ் இருந்தால் அதிலும் இதைச் செய்யலாம்.

இதற்கெல்லாம் எந்த லென்ஸ் வாங்கலாம் அக்கா?
— எடப்பாடி வாசகர்

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 55-இல் வைத்து, அது அனுமதிக்கிற மிகக் கிட்டத் தூரத்துக்குப் போய், பின்னணியை நான்கைந்து மீட்டர் தள்ளி வைத்து எடுத்துப் பாருங்கள். எஃப் 5.6-இலேயே நல்ல மங்கல் கிடைக்கும். அதன் பிறகும் போதவில்லை என்றால் ஒரு செட் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குங்கள், ஆட்டோஃபோகஸுக்கான மின் இணைப்பு உள்ளதாகப் பார்த்து.